பெருவெடிப்பு எந்த இடத்தில் நடந்தது?

கேள்வி, 9 மார்ச் 2025

என் மகள் எட்டாம் வகுப்பு. போன வாரம் கோட்டூர்புரம் கோளரங்கத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஒரே கேள்வி. பெருவெடிப்பு எந்த இடத்தில் நடந்தது? அந்த இடம் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது, கை காட்ட முடியுமா? எனக்குப் பதில் தெரியவில்லை. "யாருமே பார்க்காததை நடந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள், எல்லாம் கதை" என்கிறார் அவள் அப்பா. புரியும்படி யாராவது சொல்லுங்கள்.

9 மார்ச், இரவு 10.40

கை காட்டலாம் அம்மா. எந்தப் பக்கம் காட்டினாலும் சரிதான். உங்கள் சமையலறையிலும் நடந்தது, பக்கத்து விண்மீன் திரளான ஆண்ட்ரோமெடாவிலும் நடந்தது. அப்போது எல்லா இடமும் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்தன, அவ்வளவுதான்.

குழப்பத்துக்குக் காரணம் அந்தச் சொல். 'வெடிப்பு' என்றதும் நமக்குத் தீபாவளி ஞாபகம் வருகிறது. ஓர் இடத்தில் வெடி, சுற்றிலும் காலி இடம், அதில் துண்டுகள் சிதறுகின்றன. இந்தப் பெயரை 1949இல் பிபிசி வானொலியில் பேசும்போது சொன்னவர் பிரெட் ஹாய்ல். அந்தக் கொள்கையை ஏற்காதவர் அவர். எதிர்ப்பாளர் வைத்த பெயர் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது, தமிழிலும் அதையே பெயர்த்து வைத்துக்கொண்டோம். 'பெருவிரிவு' என்று வைத்திருந்தால் உங்கள் மகளுக்கு இந்தச் சிக்கலே வந்திருக்காது.

கோலப் புள்ளியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்று வாசலில் 1 அங்குல இடைவெளியில் புள்ளி வைக்கிறீர்கள். நாளைக்கு அதே புள்ளிகளை 2 அங்குல இடைவெளியில் வைக்கிறீர்கள். ஏதாவது ஒரு புள்ளியில் உட்கார்ந்து பார்த்தால் பக்கத்துப் புள்ளி 1 அங்குலம் தள்ளிப் போயிருக்கும், மூன்றாவது புள்ளி 3 அங்குலம், பத்தாவது புள்ளி 10 அங்குலம். எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகம். 1929இல் எட்வின் ஹப்பிள் விண்மீன் திரள்களில் கண்டது இதைத்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1927இல், பெல்ஜியத்துப் பாதிரியார் ஜார்ஜ் லமேத்ர் கணக்குப் போட்டு இதே உறவை எழுதியிருந்தார்.

இப்போது வேறு புள்ளியில் போய் உட்காரச் சொல்லுங்கள். அங்கிருந்து பார்த்தாலும் அதே கணக்குதான் வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் தானே நடுவில் இருப்பது போலத் தெரியும். நடு என்று ஒரு புள்ளியைக் குறிக்கவே முடியாது.

10 மார்ச், காலை 6.15

ஒரு திருத்தம். ராத்திரி எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "கோலத்துக்கு நடுப்புள்ளி உண்டே, அதிலிருந்துதானே ஆரம்பிக்கிறோம்" என்றாள். சரிதான். வாசலுக்கு ஓரம் இருப்பதால் நடுவும் இருக்கிறது. ஓரமே இல்லாத வாசலை நினைத்துக்கொள்ள வேண்டும், எந்தப் பக்கம் நடந்தாலும் புள்ளி தீராத வாசல். இது இல்லாமல் நேற்றுச் சொன்னது நிற்காது.

இன்னொன்றும் உண்டு. புள்ளி பெரிதாவதில்லை, இடைவெளிதான் பெரிதாகிறது. நம் பால்வழித் திரள், சூரியக் குடும்பம், நம் உடம்பு எதுவும் விரிவதில்லை. அவற்றை ஈர்ப்பும் மின்விசையும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன.

10 மார்ச், இரவு 11.20

இப்போது மகளின் அப்பாவுக்கு. யாரும் பார்க்காததை எப்படிச் சொல்கிறார்கள்?

பார்த்திருக்கிறார்கள். நானே பல வருடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், என்னவென்று தெரியாமல். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் திருவல்லிக்கேணியில் கேபிள் தொழில் செய்தவன். 90களில் ஆரம்பித்தேன். மொட்டைமாடியில் 12 அடி டிஷ், கீழே ஒரு சின்ன அறையில் கன்ட்ரோல் ரூம். டிஷ்ஷின் முன்னால் நடுவில் தொங்கும் எல்என்பிதான் உயிர். வானத்திலிருந்து வரும் சிக்னலை முதலில் வாங்கிப் பெருக்குவது அதுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்என்பி வாங்கப் போனால் மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துத்தான் விலை. 25 கே, 20 கே, 17 கே என்று போட்டிருக்கும். எண் குறையக் குறைய விலை ஏறும். 'கே' என்றால் கெல்வின், அது வெப்பநிலை என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்தான் சொல்லிக்கொடுத்தார்: "சூடா இருக்கிற எல்லாமே இரையும். சுவர் இரையும், உன் கை இரையும், எல்என்பிக்குள்ள இருக்கிற டிரான்சிஸ்டரும் இரையும். எவ்வளவு இரையுதுங்கிறதை வெப்பநிலையா எழுதி வச்சிருக்கான்."

அந்த இரைச்சல்தான் திரையில் புள்ளிப் புள்ளியாக அடிக்கும். தெருவே போன் செய்யும். அன்றைக்கு என் வேலை முழுக்க இரைச்சலைத் துரத்துவதுதான். கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, கடல் காற்றில் பித்தளை பச்சை பூத்திருக்கிறதா, பக்கத்து வீட்டில் யாராவது வெல்டிங் வைத்திருக்கிறார்களா? ஒரு தடவை மூன்று நாளாகப் படம் சரியில்லை. எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஏணி போட்டு ஏறினால், எல்என்பியைத் தாங்கும் கம்பிகளுக்கு நடுவில் காக்காய் கூடு கட்டியிருந்தது. குச்சியோடு குச்சியாக நான் வெட்டிப் போட்ட கேபிள் துண்டுகளும் செம்புக் கம்பியும் பின்னியிருந்தன. முட்டை இல்லை. பிரித்து எடுத்துப் பக்கத்து வேப்ப மரத்தில் வைத்தேன். படம் பளிச்சென்று வந்தது.

இதே வேலையைத்தான் 1964இல் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் நியூஜெர்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 20 அடி நீளக் கொம்பு ஆன்டெனா. அவர்கள் கேட்ட அலைவரிசை 4080 மெகாஹெர்ட்ஸ். இதைப் படித்த அன்று நான் எழுந்து நின்றுவிட்டேன். என் டிஷ் வாங்கிய அலைவரிசை 3700 முதல் 4200 மெகாஹெர்ட்ஸ் வரை. அவர்கள் கேட்டது சரியாக அதற்குள் விழுகிறது.

ஆன்டெனாவை நேர் மேலே திருப்பி வைத்தால் 6.7 கெல்வின் இரைச்சல் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். காற்று மண்டலம் 2.3. ஆன்டெனாவின் உலோக இழப்பு 0.8. தரையிலிருந்து பின்பக்கமாகப் புகுவது அதிகபட்சம் 0.1. மீதி 3.5 கெல்வினுக்குக் கணக்கு இல்லை. நியூயார்க் நகரத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள், மாற்றமில்லை. பருவம் மாறியும் மாறவில்லை. கொம்புக்குள் புறா கூடு கட்டியிருந்தது. பிடித்து வேறு ஊருக்கு அனுப்பினார்கள், திரும்பி வந்துவிட்டன. எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள், ஒட்டுகளின் மேல் டேப் ஒட்டினார்கள். அதற்கும் அசையவில்லை.

பக்கத்தில் பிரின்ஸ்டனில் ராபர்ட் டிக்கி குழுவினர் இதே இரைச்சலைத் தேடிக் கருவி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முன்னால், 1948இலேயே, ஆல்ஃபரும் ஹெர்மனும் சுமார் 5 கெல்வின் மிச்சச் சூடு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தார்கள், யாரும் தேடவில்லை. பிரின்ஸ்டனுக்கு ஒரு போன் போனதும் விஷயம் உடைந்தது. பிரபஞ்சம் பிறந்து 3.8 லட்சம் ஆண்டில், சுமார் 3000 கெல்வின் சூட்டில், புகைமூட்டம் விலகியது போல ஒளி முதன்முதலாக நேராக ஓட ஆரம்பித்தது. அன்றிலிருந்து பிரபஞ்சம் கிட்டத்தட்ட 1100 மடங்கு விரிந்திருக்கிறது. அந்த ஆதி ஒளியும் அதே மடங்கு குளிர்ந்து, இன்று இந்த இரைச்சலாக வருகிறது. 3000ஐ 1100ஆல் வகுத்துப் பாருங்கள். இன்றைக்குத் துல்லியமாக அளந்த எண் 2.725.

பென்சியாஸும் வில்சனும் 1978இல் நோபல் வாங்கினார்கள். அவர்களிடம் எனக்குப் பிடித்தது அந்தக் கழித்தல்தான். தன் கருவியின் அழுக்கை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் வானத்தைப் பற்றி வாய் திறந்தார்கள்.

12 மார்ச், மதியம்

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: அப்படியானால் பழைய டிவியில் ஸ்டேஷன் இல்லாதபோது கொட்டும் புள்ளி மழையில் பெருவெடிப்பு தெரியுமா?

தெரியும். 1 சதவீதம் என்று சொல்வார்கள். சின்ன வயதில் அப்பா மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்புவார், "இப்போ? இப்போ?" என்று கத்துவார், நான் கீழே ஜன்னலிலிருந்து "இல்லப்பா, புள்ளிதான்" என்று பதில் கத்துவேன். அந்தப் புள்ளியில் நூறில் ஒன்று 1380 கோடி ஆண்டு பழையது.

14 மார்ச், மதியம் 12.05

இன்றைக்கு வாய்ப்பு அமைந்தது, எழுதி வைத்துவிடுகிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி வாக்கிலும், சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சில நாளுக்குத் தினமும் சில நிமிடம் படம் போய்விடும். தொழிலில் இதற்கு சன் அவுட்டேஜ் என்று பெயர். அந்த நாளில் எல்லாம் வீட்டு வீட்டுக்கு விளக்கம் சொல்லியே தொண்டை கட்டிவிடும்.

இப்போது வீடியோவெல்லாம் ஃபைபரில் வந்துவிட்டது. ஆனால் ஒரு டிஷ்ஷை மட்டும் மாடியில் விட்டு வைத்திருக்கிறேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் அதைப் புரட்டிப் போட்டது, தட்டி நிமிர்த்தி வைத்தேன். இன்று காலை 11 மணி வாக்கில் எல்என்பியின் நிழல் டிஷ்ஷின் சரியான நடுவில் வந்து உட்கார்ந்தது. மீட்டர் முள் படீரென்று வலது ஓரம் போய் ஒட்டிக்கொண்டது. ஆயிரம் கெல்வினைத் தாண்டிய இரைச்சல். சில நிமிடத்தில் நிழல் நகர்ந்தது, முள் மெதுவாக இறங்கியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சூரியன் நகர்ந்துவிட்டது, இரைச்சல் இறங்கிவிட்டது. காக்காய்க் கூட்டை எடுத்தால் இறங்குகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் எந்த மாதத்திலும் இறங்காத ஓர் இரைச்சல் இருந்தால் அது ஒரு பொருளிலிருந்து வரவில்லை என்றுதானே அர்த்தம்?

15 மார்ச், இரவு

12ஆம் தேதி எழுதிய 1 சதவீதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீட்டரைப் பார்த்ததிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது, காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

என் டிஷ்: எல்என்பி 17, தரையும் காற்றும் சேர்ந்து சுமார் 25 என்று வைத்துக்கொள்வோம், ஆதி ஒளி 2.7. மொத்தம் 45க்குக் கொஞ்சம் குறைவு. பங்கு 6 சதவீதம். ஆக டிஷ்ஷுக்கு 1 சதவீதம் என்பது குறைவு.

அப்பா திருப்பிய மீன்முள் ஆன்டெனாவுக்கு நேர் எதிர். அந்தக் குறைந்த அலைவரிசையில் பால்வழியே பெரிய இரைச்சல் போடும். பழைய டிவிப் பெட்டியின் சொந்த இரைச்சலே சில நூறு கெல்வின். எல்லாம் ஆயிரத்தைத் தாண்டும். பங்கு 0.3 சதவீதத்துக்கும் கீழே. தம்பி, யாரிடமாவது 1 என்று சொல்லியிருந்தால் மாற்றிச் சொல்லிவிடுங்கள்.

17 மார்ச்

பெருவெடிப்புக்கு முன்னால் என்ன இருந்தது என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது.

பெருவெடிப்புக் கொள்கை பிறப்பைப் பற்றிப் பேசவில்லை, வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறது. மிகச் சூடாக, மிக நெருக்கமாக இருந்த ஒரு நிலையிலிருந்து இன்றுவரை என்ன நடந்தது என்பது அதன் கதை. அதற்கும் பின்னால் போனால் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் கை விரித்துவிடுகின்றன. அங்கே பல யோசனைகள் நிற்கின்றன. ஆலன் கூத் 1981இல் வெளியிட்ட திடீர் வீக்கம் ஒன்று: நொடியின் நினைத்துப் பார்க்க முடியாத சின்னப் பங்கில் இடம் மளமளவென்று ஊதிப் பெருத்தது என்பது. ரோஜர் பென்ரோஸ் சொல்லும் சுழற்சி இன்னொன்று: ஒரு யுகத்தின் வெறுமையான முடிவே அடுத்த யுகத்தின் தொடக்கம்.

வீக்கத்துக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று 2014 மார்ச்சில் தென் துருவத்து பைசெப்2 குழு அறிவித்தது. உலகமே கொண்டாடியது. பிறகு பிளாங்க் செயற்கைக்கோளின் அளவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, ஆதி ஒளியில் அவர்கள் கண்ட சுழல் கோலத்துக்கு நம் பால்வழியின் தூசே போதும் என்று ஆகிவிட்டது. வீக்கம் பொய் என்று இதனால் ஆகாது, அந்தச் சாட்சி மட்டும் போய்விட்டது. நானாக இருந்தாலும் அந்தக் கூட்டை இன்னும் ஒரு தடவை ஏறிப் பார்த்திருப்பேன் என்று அன்றைக்கே நினைத்தேன்.

18 மார்ச், இரவு 9.30

பிரபஞ்சத்தின் முடிவைப் பற்றி. இதில் எனக்கு ஊர்ப் பெருமையும் கலந்திருக்கிறது.

திருவல்லிக்கேணி பெரிய தெருவில் என் கேபிள் ஓடியது. அந்தத் தெருவில் இருக்கும் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு, அப்புறம் கடற்கரையில் மாநிலக் கல்லூரிக்குப் போனவர் சந்திரசேகர். 1930இல் 19 வயதில் பம்பாயில் கப்பல் ஏறி இங்கிலாந்து போகும் வழியில் ஒரு கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன், அதாவது வெண்குறுமீன், ஓர் எடைக்கு மேல் தாங்காது. இன்று அந்த எல்லை சூரியனைப் போல் 1.4 மடங்கு என்கிறார்கள். 1935இல் அன்றைய பெரிய வானியலாளர் எடிங்டன் லண்டன் வானியல் சபையிலேயே அதை மறுத்தார். 1983இல் நோபல் வந்தது.

அந்த எல்லையை நெருங்கும் வெண்குறுமீன் வெடிக்கும்போது, எங்கே வெடித்தாலும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம். தெரு முழுக்க ஒரே வாட் பல்பு போட்ட மாதிரி. மங்கலாகத் தெரிந்தால் தூரம் அதிகம். 1998இல் இரண்டு குழுக்கள் இப்படிப்பட்ட தொலைதூர வெடிப்புகளை அளந்தன. ஈர்ப்பினால் விரிவு வேகம் குறைந்துகொண்டு வரும் என்று எதிர்பார்த்தார்கள். வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. விரிவு வேகமெடுத்துக்கொண்டிருக்கிறது. தள்ளுவது எதுவோ அதற்கு இருள் ஆற்றல் என்று பெயர், பிரபஞ்சத்தில் அதன் பங்கு 68 சதவீதம். கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருள் 27. நாமும் விண்மீன்களும் காக்காய்க் கூடும் சேர்ந்து 5. இந்தக் கண்டுபிடிப்புக்கு 2011இல் பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் நோபல்.

ஆகவே முடிவு குளிர். 450 கோடி ஆண்டில் ஆண்ட்ரோமெடா நம் பால்வழியோடு மோதிக் கலக்கும். 500 கோடி ஆண்டில் சூரியன் செம்பூதமாக ஊதும். மற்ற திரள்கள் எல்லாம் எட்டாத தூரம் போய்விடும். சுமார் ஒரு கோடி கோடி ஆண்டில் புது விண்மீன் பிறப்பது நின்றுவிடும். கருந்துளைகள் ஆவியாகி முடிய 1க்குப் பக்கத்தில் 100 சுழி போட வேண்டும். இது உறுதி.

21 மார்ச், காலை 5.50

'உறுதி' என்று எழுதிய மை காயவில்லை, எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் அரிசோனாவில் கிட் பீக் மலையில் 4 மீட்டர் தொலைநோக்கி. அதன் முகப்பில் டெசி என்ற கருவி. 5000 ஃபைபர் இழைகள், ஒவ்வொன்றையும் ஒரு குட்டி ரோபோ பிடித்து ஒரு விண்மீன் திரளுக்கு நேராக நிறுத்துகிறது. ஒரு ஃபைபரை ஒட்டவைத்து நேர் செய்வதற்கே எனக்குக் கை நடுங்கும். இவர்கள் சில நிமிடத்தில் 5000ஐயும் புது இடத்துக்கு மாற்றுகிறார்கள். சுமார் 1.5 கோடி திரள்களையும் குவாசர்களையும் (தொலைவில் மிகப் பிரகாசமாக எரியும் திரள் மையங்கள்) வைத்து வரைபடம் போட்டிருக்கிறார்கள். ஆதியில் ஓடிய ஒலி அலைகள் திரள்களின் பரவலில் ஒரு தடம் விட்டிருக்கின்றன, அதன் இன்றைய நீளம் சுமார் 50 கோடி ஒளியாண்டு. அதை அளவுகோலாக வைத்து ஒவ்வொரு காலத்திலும் எவ்வளவு விரிந்தது என்று பார்க்கிறார்கள்.

முந்தாநாள் வந்த முடிவு: இருள் ஆற்றல் காலப்போக்கில் வலுவிழந்து வருவது போலத் தெரிகிறது. போன ஏப்ரலில் மெலிதாகத் தெரிந்தது, இப்போது இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்போடு (18ஆம் தேதி சொன்ன வெண்குறுமீன் வெடிப்புகளின் பட்டியல்) சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை. தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதற்கான அளவு சிக்மா. கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும்.

உண்மையானால் 18ஆம் தேதி நான் போட்ட கணக்குக்கு அடித்தளமே ஆடும். தள்ளும் விசை குறைந்துகொண்டே போய் நின்றால் விரிவு மந்தமாகும். குறி மாறி இழுக்க ஆரம்பித்தால் எல்லாம் திரும்பச் சுருங்கும். எதிர்ப்பக்கமாக, இருள் ஆற்றல் ஏறிக்கொண்டே போனால் அணுவரை பிய்த்துப்போடும் பெருங்கிழிவு என்று கால்டுவெல் 2003இல் எழுதினார். இந்த அளவுகள் அந்தத் திசையைக் காட்டவில்லை.

எனக்கு மனதில் ஓடுவது ஒன்றுதான். தொகுப்பை மாற்றினால் 2.8, 4.2 என்று எண் ஆடுகிறது. அந்த ஆட்டம் வானத்தினுடையதா, எல்என்பியினுடையதா? அதைப் பிரித்துக் காட்டும்வரை நான் 'உறுதி' என்ற சொல்லை எழுதமாட்டேன், குளிருக்கும் சரி, சுருங்குவதற்கும் சரி.

6 ஏப்ரல்

விரிவின் வேகத்திலும் தகராறு இருக்கிறதே என்று ஒருவர். இருக்கிறது. சுமார் 33 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது கணக்கு. ஆதி ஒளியிலிருந்து கணக்கிட்டால் 67, அருகிலுள்ள விண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் அளந்தால் 73. இரண்டு பக்கமும் தன் கூட்டைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. ஹப்பிளே 1929இல் 500 என்று எழுதினார். அப்படியானால் பிரபஞ்சத்துக்கு வயது 200 கோடி ஆண்டு, பூமியின் பாறையைவிட இளசு. அந்த முரண்பாட்டிலிருந்துதான் 1948இல் ஹாய்ல், பாண்டி, கோல்டு மூவரும் தொடக்கமே இல்லாத நிலைப் பிரபஞ்சத்தை முன்வைத்தார்கள்.

19 ஏப்ரல், இரவு

பேரனோடு மெரினா போயிருந்தேன். வாயு பலூன் வாங்கிக் கொடுத்தேன். கையில் கட்டிக்கொண்டு நடந்தான். அவனிடம் சொன்னேன்: இதுக்குள்ள இருக்கிற ஹீலியம் பிரபஞ்சத்தின் முதல் சில நிமிடத்தில் சமைத்தது.

பெருவெடிப்புக்கு இரண்டாவது பெரிய சாட்சி ஹீலியம்தான். விண்மீன்கள் எரித்து எரித்துச் சேர்த்தது மட்டும் என்றால் இவ்வளவு இருக்காது. எங்கே அளந்தாலும் சாதாரணப் பொருளின் எடையில் கால்பங்கு. முதல் சில நிமிடச் சூட்டில் எவ்வளவு ஹீலியம் பொங்கி வரும் என்று கணக்குப் போட்டாலும் அதே கால்பங்கு. அந்த ஹீலியத்தின் மஞ்சள் கோடு முதலில் கண்ணில் பட்டதும் நம் பக்கம்தான். 18 ஆகஸ்ட் 1868 முழு சூரிய கிரகணம். குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன், மசூலிப்பட்டினத்தில் நம் நுங்கம்பாக்கம் வான் ஆய்வகத்துப் போக்சன். இரண்டும் அன்றைய சென்னை மாகாணம். பூமியில் அது கிடைக்க 1895 ஆயிற்று.

20 ஏப்ரல், காலை

பலூனைப் பற்றி எழுதியது தவறு. ராத்திரி தூக்கத்தில் உறைத்தது. ஆதி ஹீலியம் விண்மீன்களிலும் வாயு மேகங்களிலும் இருக்கிறது, சரி. பூமியில் சிலிண்டரில் அடைக்கும் ஹீலியம் வேறு. பாறைக்குள் யுரேனியமும் தோரியமும் சிதையும்போது பிறந்து, இயற்கை வாயுவோடு சேர்ந்து வருகிறது. பிரபஞ்சத்தின் வயதோடு பார்த்தால் புதுசு.

பேரனை எழுப்பிச் சொன்னேன். "அப்போ பழசு எது தாத்தா?" என்றான். தண்ணீர்ச் சொம்பைக் காட்டினேன். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனின் கரு அந்த முதல் நிமிடங்களிலிருந்தே இருக்கிறது. மொண்டு குடித்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான்.

21 மே

வானியலாளர் ஜயந்த் நார்லிகர் நேற்று புனேயில் காலமானார்.

இந்த இழையில் அவருக்கு இடம் கொடுக்காமல் போனால் நியாயமில்லை. ஹாய்லின் மாணவர், 1964இல் இருவரும் சேர்ந்து ஒரு ஈர்ப்புக் கொள்கையையே எழுதினார்கள். புனேயில் அயூக்கா என்ற வானியல் ஆய்வு நிறுவனத்தை 1988இல் கட்டி எழுப்பினார். மராத்தியில் அறிவியல் கதைகள் எழுதினார். பெருவெடிப்பை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. 1993இல் ஹாய்ல், பர்பிட்ஜோடு சேர்ந்து, விரிந்தும் சுருங்கியும் முடிவில்லாமல் ஓடும் ஒரு பிரபஞ்சத்தை முன்வைத்தார். அதில் என் 2.7 கெல்வின் இரைச்சலுக்கும் வேறு விளக்கம் உண்டு: விண்மீன் ஒளியை வெளியில் மிதக்கும் மெல்லிய இரும்பு ஊசிகள் உறிஞ்சி உமிழ்வது.

கோபே செயற்கைக்கோள் இந்த இரைச்சலை அளந்து வரைந்த கோடு, ஒரே சூட்டில் இருக்கும் பொருள் உமிழும் ஒளியின் கோட்டோடு அப்பழுக்கில்லாமல் பொருந்துகிறது என்பதால் அந்த விளக்கத்தைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. ஆனால் எல்லோரும் ஒரு பக்கம் நிற்கும்போது, "இரைச்சலுக்கு வேறு காரணம் இருக்கிறதா, இன்னொரு தடவை பாருங்கள்" என்று ஐம்பது வருடம் கணக்கோடு கேட்க ஓர் ஆள் வேண்டும். மேலே ஒருவர் அவரைப் 'பிடிவாதக்காரர்' என்று எழுதியிருக்கிறார். அதை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

4 ஜூன்

18 மார்ச் குறிப்பில் இன்னொரு ஓட்டை. ஆண்ட்ரோமெடா 450 கோடி ஆண்டில் மோதும் என்று எழுதினேன். இந்த வாரம் வந்த ஆய்வில் ஹப்பிள், கையா தொலைநோக்கிகளின் அளவுகளை வைத்து, பால்வழியின் துணைத் திரளான பெரிய மாகெல்லன் மேகத்தின் இழுப்பையும் சேர்த்துத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த 1000 கோடி ஆண்டில் மோத வாய்ப்பு பாதிக்குப் பாதி. சூரியனைப் பற்றியது மட்டும் அப்படியே நிற்கிறது.

22 ஜூன், ஞாயிறு, இரவு 10.10

கேள்வி கேட்ட அம்மாவும், மகளும், அவள் அப்பாவும் இன்று சாயங்காலம் மாடிக்கு வந்தார்கள். நான்தான் கூப்பிட்டிருந்தேன்.

டிஷ்ஷிலிருந்து எல்என்பியைக் கழற்றி, பழைய ரிசீவரிலிருந்து கரன்ட் கொடுத்து, நடுவில் சாட் ஃபைண்டரை, அதாவது சிக்னல் அளவைக் காட்டும் முள் வைத்த மீட்டரை, மாட்டிக் கையில் கொடுத்தேன். நேர் மேலே வானத்தைப் பார்த்துப் பிடிக்கச் சொன்னேன். முள் 2இல் நின்றது. உள்ளங்கையால் வாயை மூடச் சொன்னேன். கீச்சென்று கத்திக்கொண்டு 8க்குப் போனது. கையை எடுத்தாள், இறங்கியது. மூடினாள், ஏறியது. ஏழெட்டுத் தடவை செய்தாள். கைப்பிடிச் சுவரைப் பார்த்துப் பிடித்தாள், 8. தண்ணீர்த் தொட்டி, 8. அவள் அப்பாவின் வயிறு, 8. வானம், 2.

"கை 310 கெல்வின், சுவர் 305, வானம் அதைவிட ரொம்பக் குளிர்" என்றேன்.

"அந்த 2இல் பெருவெடிப்பு எவ்வளவு?" என்று கேட்டவர் அப்பா. நல்ல கேள்வி. அந்த 2இல் பெரும்பகுதி எல்என்பியின் சொந்த இரைச்சல், கொஞ்சம் காற்று, கொஞ்சம் பக்கவாட்டிலிருந்து சுவர். இந்த முள்ளை வைத்து 2.7ஐப் பிரிக்க முடியாது என்று சொன்னேன். பிரிக்க வேண்டுமானால் எவ்வளவு குளிர் என்று நன்றாகத் தெரிந்த இன்னொரு பொருளோடு ஒப்பிட வேண்டும். பென்சியாஸும் வில்சனும் திரவ ஹீலியத்தில் முக்கியதை வைத்து ஒப்பிட்டார்கள், சுமார் 4 கெல்வின். அவர் எல்என்பியை வாங்கிக் கொஞ்ச நேரம் மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

மகள் நோட்டில் எண்களை எழுதிக்கொண்டாள். சுவர் பக்கத்தில் இருப்பதால்தான் 2 என்றால், சுவரே இல்லாத இடத்தில் பிடித்தால் 2க்குக் கீழே போகுமா என்று கேட்டாள். போகலாம், பார்க்க வேண்டும் என்றேன். எங்கே சுவரே இல்லை என்று யோசித்தோம். கடற்கரை மணல், தண்ணீர் ஓரம்.

அடுத்த ஞாயிறு, ராத்திரி 8 மணி, கலங்கரை விளக்கத்துக்கு நேர் எதிரே. 12 வோல்ட் பேட்டரி ஒன்று யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள், என்னுடையது சார்ஜ் நிற்பதில்லை.